மலையில் கல்யாணம் எடுக்கப் போகிறவர்களுக்கு: யாரையும் நிறுத்தாமல் எடுப்பது எப்படி

சென்னை மண்டபங்களில் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு இப்போது ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் என்று அழைப்பு வருகிறது. "இன்னொரு தடவை மாலையைப் போடுங்க, இங்க பாருங்க" என்று கேட்டு எடுக்கிற வழக்கம் அங்கே எடுபடாது. வெளிச்சம் பத்து நிமிடத்தில் மாறிவிடும், மூடுபனி கேட்காமல் வந்து உட்காரும், குளிரில் நிற்கிற மணப்பெண்ணைத் திரும்பத் திரும்ப நிற்க வைப்பது பாவம். டாக்குமெண்டரி பாணி என்றால் நடப்பதை நடக்கிறபடி எடுப்பது. அதற்கு உங்கள் வேலையில் பெரும்பகுதி முகூர்த்தத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தேதியைக் கேட்டவுடன் மாதத்தைப் பாருங்கள். தை முகூர்த்தம் என்றால் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், குளிர் கடுமையாக இருக்கும். ஐப்பசியில் அடைமழை என்று சும்மா சொல்லவில்லை, வடகிழக்குப் பருவமழை கொடைக்கானலை நன்றாக நனைக்கும். அந்த மாதத்துக் கல்யாணம் என்றால் மழையும் கதையில் ஒரு ஆள் என்று ஜோடியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், திறந்தவெளி மேடைக்கு மாற்று இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சித்திரை, வைகாசி என்றால் சீசன் கூட்டம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், 2025 கோடையில் வண்டி எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள், அதனால் பாஸை கடைசி நாளுக்கு விடாதீர்கள். ஏலகிரி என்றால் இவ்வளவு கவலை இல்லை, சுமார் 1,100 மீட்டர் உயரம்தான், 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும்.

கட்டாயம் முந்தின நாளே போய்விடுங்கள். இடம் பார்ப்பதற்கு மட்டும் இல்லை, ஆட்களைப் பார்ப்பதற்கும்தான். சாயங்காலம் சமையல் நடக்கிற இடத்தில், பூக் கட்டுகிற இடத்தில் கேமராவை இறக்கி வைத்துவிட்டு கொஞ்ச நேரம் உட்காருங்கள். யார் தாய்மாமா, யார் அத்தை, எந்தப் பாட்டி பேத்தியைப் பார்த்தாலே கண் கலங்குகிறார் என்பது அங்கேதான் தெரியும். மறுநாள் நீங்கள் பக்கத்தில் நின்றாலும் யாரும் விறைப்பாக மாட்டார்கள். வாத்தியாரையும் பார்த்து எது முதலில், எது அப்புறம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காசி யாத்திரையும் ஊஞ்சலும் வெளியில் நடக்குமா உள்ளேயா என்பது மலையில் பெரிய விஷயம்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரி பேட்டரிகளைச் சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்திருங்கள். அதைவிடப் பெரிய தொல்லை லென்ஸில் நீர் படிவது. வெளியே குளிரில் இருந்த கேமராவை ஓமப் புகையும் ஆள்கூட்டமும் நிறைந்த ஹாலுக்குள் கொண்டுவந்தால் நொடியில் மங்கிவிடும், துடைத்தாலும் மறுபடி படியும். வெளியே இருக்கும்போதே பையில் வைத்து ஜிப்பை மூடி, உள்ளே வந்தபின் அரைமணி நேரம் அப்படியே விடுவது ஒரு வழி. ஆனால் தாலி கட்டும் நேரத்தில் யாருக்கு அரைமணி இருக்கிறது? இரண்டு கேமரா வைத்துக்கொண்டு ஒன்றை உள்ளேயே விட்டுவிடுங்கள், மற்றது வெளியே மட்டும்.

மூடுபனியில் கேமராவின் வெளிச்ச அளவீட்டை அப்படியே நம்பக்கூடாது. எங்கும் வெண்மையாக இருப்பதைப் பார்த்து அது படத்தை இருட்டாக்கிவிடும், முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டி வையுங்கள். ஃபோகஸ் தடுமாறினால் புடவையின் ஜரிகைக் கரையையோ கண்ணையோ பிடியுங்கள். நேராக ஃப்ளாஷ் அடிக்காதீர்கள், பனித்துளிகள்தான் வெளிச்சமாகும், ஆள் மறைந்துவிடுவார். விடிகாலை முகூர்த்தத்தில் வெளியிலிருந்து நீல ஒளி, ஓமத்திலிருந்து மஞ்சள் ஒளி என்று இரண்டும் கலக்கும். கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்து, நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை 4,500 கெல்வின் பக்கத்தில் நிலையாக வைத்தால் பின்னால் சரிசெய்ய எளிது. சத்தமில்லாத ஷட்டர் ஓமத்துக்கு அருகில் நல்லதுதான், ஆனால் எல்இடி விளக்கின் கீழ் கோடு விழலாம், முந்தின நாளே சோதித்துவிடுங்கள்.

தாலி கட்டும்போது மேடையை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் உங்கள் முதுகைப் பார்க்க வரவில்லை. ஓரமாகக் கீழே உட்கார்ந்து 35 மிமீ லென்ஸில் எடுங்கள். கெட்டிமேளத்துக்கு ஒருவர் கையை உயர்த்துவார், அவரைக் கவனித்தாலே போதும். நிச்சயதார்த்தம் என்றால் பத்திரிகை வாசிக்கும்போது வாசிப்பவரை விட்டுவிட்டு இரண்டு அப்பாக்களின் முகத்தைப் பாருங்கள், எனக்கு அதைவிடப் பிடித்த படம் வேறு கிடையாது. பட்டுப்புடவைக்கு மேல் மணப்பெண் அண்ணனின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு டீ குடித்தால் கழற்றச் சொல்லாதீர்கள், அதுதான் அந்தக் கல்யாணம்.

ஜோடியைத் தனியாக எடுக்க அரைமணி நேரம் கேட்டு வாங்கினால் போதும். அஸ்தமனம் ஆறரைக்கு என்று போன் சொல்லும், மலைச்சரிவுக்குப் பின்னால் சூரியன் அதற்கு வெகு முன்பே போய்விடும், நான்கரைக்கே கிளம்புங்கள். போஸ் சொல்லாமல் சேர்ந்து நடக்கவிடுங்கள், 85 மிமீ லென்ஸ் வைத்துத் தள்ளி நில்லுங்கள். பள்ளத்தின் விளிம்புக்கு யாரையும் போகச் சொல்லாதீர்கள், ஈரப் புல் வழுக்கும், பட்டுப்புடவையில் தடுமாறினால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. காட்டுப் பகுதியில் ட்ரோன் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

எடிட்டில் மூடுபனியை நீக்குகிற ஸ்லைடரை இழுத்து மலையைப் பளிச்சென்று ஆக்காதீர்கள், பனி இருந்தது, இருக்கட்டும். மலையிலிருந்து இறங்கும் முன்பே எல்லா கார்டையும் இரண்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, இரண்டையும் வெவ்வேறு பையில் வையுங்கள். அன்று ராத்திரியே ஒரு பத்துப் படம் ஜோடியின் அம்மாக்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள், ஆல்பம் எப்போது என்று கேட்டு வருகிற போன்கள் பாதியாகக் குறையும்.