கிராம்/நொடியிலிருந்து லிட்டர்/மணி வரை: ஏற்காடு மலைப்பாதையில் ஒரு பெட்ரோல் கணக்கு

எஞ்சினுக்குள் பெட்ரோல் பாயும் வேகத்தை ஆளுக்கொரு அலகில் சொல்கிறார்கள். எஞ்சின் தகவல்களைப் படிக்க காரில் செருகும் ஓபிடி ஸ்கேனரின் ஆப்பில் கிராம்/நொடி. எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் வெளிநாட்டுப் பெட்டியில் பவுண்டு/மணி. பாலிடெக்னிக் லேபில் கிலோ/மணி. டெப்போவில் டன் கணக்கு, பங்க்கிலோ லிட்டர். முதன்முதலில் பார்ப்பவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். நிறையிலிருந்து நிறைக்கு மாற்ற வெறும் பெருக்கல் போதும். லிட்டருக்குப் போக வேண்டுமென்றால் அடர்த்தி கட்டாயம் வேண்டும்.

முதல் படி: நிறையிலிருந்து நிறைக்கு

ஒரு மணிக்கு 3,600 நொடி, ஒரு கிலோவுக்கு 1,000 கிராம். 3,600-ஐ 1,000-ஆல் வகுத்தால் 3.6. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கிராம்/நொடி × 3.6 = கிலோ/மணி
கிலோ/மணி ÷ 3.6 = கிராம்/நொடி
பவுண்டு/மணி × 0.4536 = கிலோ/மணி
டன்/நாள் × 41.67 = கிலோ/மணி

பெட்டியில் 24 பவுண்டு/மணி என்று போட்ட இன்ஜெக்டரை எடுத்துக்கொள்வோம். 24 × 0.4536 = 10.89 கிலோ/மணி. அதை 3.6-ஆல் வகுத்தால் 3.02 கிராம்/நொடி. இதில் அடர்த்திக்கும் வெப்பநிலைக்கும் வேலையே இல்லை. கோடை வெயிலிலும் பனிக்காலத்திலும் இதே விடைதான்.

டன் என்று எழுதியிருந்தால் மட்டும் எந்த டன் என்று பாருங்கள். நம் டன் 1,000 கிலோ, அமெரிக்க டன் 907 கிலோ.

இரண்டாம் படி: லிட்டருக்குப் போவது

கிலோ/மணியை அடர்த்தியால் வகுத்தால் லிட்டர்/மணி. அடர்த்தியை எங்கே தேடுவது? பங்க்கில் கேளுங்கள். அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஜாடியில் பெட்ரோலை ஊற்றி, ஹைட்ரோமீட்டரையும் தெர்மாமீட்டரையும் போட்டுக் காட்டச் சொல்லலாம். கேட்கத் தயங்க வேண்டாம், அது வாடிக்கையாளரின் உரிமை. இங்கே விற்கும் பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 0.720 முதல் 0.775 கிலோ வரை இருக்கலாம். நம் கணக்குக்கு 0.75 என்று வைத்துக்கொள்வோம்.

அந்த "15 டிகிரி" முக்கியம். சேலத்தில் ஏப்ரல் மாதத்தில் 15 டிகிரியை எங்கே பார்ப்பது! பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். டேங்கில் 35 டிகிரி என்றால் 20 டிகிரி வித்தியாசம், அதாவது 2 சதவீதம். 0.75 என்பது 0.735 ஆகிவிடும். வீட்டுக் கணக்குக்கு இதை விட்டுவிடலாம். ஆனால் 12,000 லிட்டர் டேங்கரில் 2 சதவீதம் என்பது 240 லிட்டர், அங்கே விட முடியாது.

மூன்றாம் படி: மலை ஏறிப் பார்ப்போம்

சேலத்தின் கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். ஆப் பெரும்பாலும் எஞ்சினுக்குள் போகும் காற்றை வைத்துத்தான் பெட்ரோலைக் கணக்கிடும். மேலே போகப் போகக் காற்று மெலியும். ஏற்காட்டில் ஒரு லிட்டர் காற்றின் நிறை சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை லிட்டரில் அளந்தால் ஒவ்வொரு வளைவிலும் திருத்தம் போட வேண்டியிருக்கும். எஞ்சினின் காற்றுப் பாதையில் இருக்கும் மாஃப் சென்சார் காற்றின் நிறையை அளப்பதால் அந்தத் தொல்லை இல்லை. நிறையில் கணக்குப் போடுவது எனக்குப் பிடித்துப்போனதே இதனால்தான். (சில கார்களில் மாஃப் சென்சார் இருக்காது. அழுத்தத்தை வைத்து ஆப் ஊகிக்கும், அதன் துல்லியம் கொஞ்சம் குறைவு.)

ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆப்பில் காற்று 10.8 கிராம்/நொடி என்று வருகிறது என்று வையுங்கள். பழைய புத்தகங்களில் ஒரு கிராம் பெட்ரோல் எரிய 14.7 கிராம் காற்று என்று இருக்கும். அது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு. இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 13.5 பக்கம் வரும்.

10.8 ÷ 13.5 = 0.8 கிராம்/நொடி
0.8 × 3.6 = 2.88 கிலோ/மணி
2.88 ÷ 0.75 = 3.84 லிட்டர்/மணி
30 ÷ 3.84 = லிட்டருக்கு 7.8 கிலோமீட்டர்

ஆப் இன்னும் 14.7-ஐ வைத்தே வகுத்தால் பெட்ரோல் 8 சதவீதம் குறைவாகக் காட்டும். செட்டிங்ஸில் போய் எரிபொருள் வகையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது எஞ்சின் கூடுதல் பெட்ரோல் எடுக்கும், அப்போது 13.5-உம் சரிவராது.

இறக்கத்தில்

கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் வேகம் ஓரளவுக்கு மேல் இருக்கும் வரை இன்ஜெக்டர் மூடியே இருக்கும். பெட்ரோல் பாய்வு பூஜ்யம். நியூட்ரலில் இறங்கினால் எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும். 0.16 கிராம்/நொடி என்றால் அரை மணிக்கு 288 கிராம், அதாவது 0.38 லிட்டர். மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து நியூட்ரலில் இறங்குபவர்கள் உண்மையில் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள். அதைவிட, எஞ்சினின் பிடி இல்லாமல் பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்கிச் சூடேறுகிறது. தயவுசெய்து அப்படி இறங்காதீர்கள்.

அப்புறம், கியரில் இறங்கும்போது பெட்ரோல் நின்றாலும் காற்று எஞ்சின் வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். காற்றை மட்டும் வைத்து வகுக்கும் ஆப், இல்லாத பெட்ரோலையும் கணக்கில் சேர்த்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, சேலத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். திரும்பி வந்ததும் அதே பங்க்கில், அதே நாஸிலில், தானாக நிற்கும் வரை மட்டும் மறுபடி நிரப்புங்கள். பில்லில் உள்ள லிட்டரையும் ஆப் காட்டும் மொத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்றத்தின் மொத்தமும் இறக்கத்தின் மொத்தமும் தனித்தனியாகக் குறித்து வைத்திருந்தால், அந்த அதிகப்படியில் இறக்கத்தின் பங்கு எவ்வளவு இருக்கலாம் என்று ஊகிக்கலாம்; உறுதியாகச் சொல்ல ஒரே பில் போதாது.