நியூயார்க் விடியலில் நிர்வாணப் படம்: தெருவில் நான்கு நிமிடம், அதற்கு முன் நான்கு நாள்

நியூயார்க் தெருவில் ஆடையற்ற உடலைக் கலைப் படமாக எடுப்பதில் கேமராவின் பங்கு கொஞ்சம்தான். ஒரு இடத்தில் மாடல் உடையில்லாமல் நிற்பது அதிகம் போனால் நான்கு நிமிடம். குளிர், கண்ணாடிச் சில்லு, வழிப்போக்கர், போலீஸ் என்று எதுவும் அந்த நான்கு நிமிடத்தில் அவர்மேல் வந்து விழாதபடி முன்கூட்டியே எல்லாவற்றையும் யோசித்து முடிப்பதுதான் இந்தத் தொழில். யோசிக்காமல் விட்டதற்கெல்லாம் விலை கொடுப்பவர் மாடல். அதனால் நாள்கணக்கில் தயாராவது அதிகப்படி இல்லை.

முதலில் சட்டம். நியூயார்க் மாநிலக் குற்றவியல் சட்டத்தின் 245.01 பிரிவு பொது இடத்தில் அந்தரங்க உறுப்புகள் தெரிய நிற்பதைத் தடுக்கிறது. அதிகபட்சத் தண்டனை 15 நாள் சிறை அல்லது 250 டாலர் அபராதம். அதே பிரிவு, நாடகத்திலோ கண்காட்சியிலோ கலைநிகழ்ச்சியிலோ பங்கேற்பவர்களுக்கு விலக்கும் தருகிறது. கூட்டமாக நிர்வாணப் படங்கள் எடுக்கும் ஸ்பென்சர் டூனிக் 1999-இல் கைதானார். அதன் பிறகு நகர நிர்வாகத்தை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு இந்த விலக்கைச் சுற்றியே நடந்தது. நகரம் அவரைத் தடுக்கக் கூடாது என்ற இடைக்கால உத்தரவை 2000-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த ஜூனிலேயே வில்லியம்ஸ்பர்க் பாலத்தடியில் நூற்றுக்கும் அதிகமானவர்களை வைத்து அவர் படமெடுத்தார். அதற்கு முன்பே, 1992-இல், மேலாடையில்லாமல் இருந்ததற்காகச் சில பெண்கள்மேல் போடப்பட்ட வழக்கை மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. ஆகவே இந்த நகரத்தில் இடுப்புக்கு மேல் மட்டும் ஆடையில்லாத படத்துக்கு ஆபத்து குறைவு, முழு நிர்வாணத்துக்கு அதிகம். புதிதாக வருகிறவர்கள் முதலாவதிலிருந்தே தொடங்குங்கள்.

இந்த விலக்கு நீதிமன்றத்தில் பேசும் வாதம். விடிகாலை ஐந்தரை மணிக்கு நடைபாதையில் நிற்கும் போலீஸ்காரரிடம் அது செல்லுபடியாகும் என்று நம்பி இறங்காதீர்கள். அவர் வந்தால் மாடலுக்கு அங்கி, கேமரா கீழே, பேசுவது புகைப்படக்காரர் மட்டும். கிளம்பச் சொன்னால் கிளம்பிவிடுங்கள். விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: சிறிய குற்றச்சாட்டானாலும் கைது என்று ஒன்று பதிவாகிவிட்டால் அடுத்த விசா விண்ணப்பத்தில் பதில் சொல்ல வேண்டி வரலாம். சுற்றுலா விசாவில் வந்து கூலிக்குப் படமெடுப்பதும் கூடாது. இங்கே சொல்லும் முறையை அப்படியே சென்னைக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. இந்தியாவில் பொது இடத்தில் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் ஆபாசச் செயல் பிரிவு பாயலாம். ஆபாசம் என்று கருதப்படும் படத்தை இணையத்தில் ஏற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆம் பிரிவின் கீழ் முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை.

அனுமதிச் சீட்டு விஷயம் எளிது. கையில் கேமரா அல்லது ஒரு முக்காலி, நடைபாதையை மறிக்கவில்லை என்றால் நகர நிர்வாகத்தின் அனுமதி தேவையில்லை. விளக்குகளை ஸ்டாண்டில் நிறுத்தினால் தேவைப்படும். பூங்காக்களில் பலர் தவறு செய்கிறார்கள். வேறு பலகை இல்லாத நகரப் பூங்காக்கள் காலை 6 மணிக்குத்தான் திறக்கின்றன. ஜூனில் சூரியன் 5.25-க்கே வந்துவிடும். அந்த நேரத்தில் பூங்காவுக்குள் இருப்பதே தனிக் குற்றம். சப்வேயை விட்டுவிடுங்கள். அங்கே முக்காலி, விளக்கு, வெளிச்சத்தைத் திருப்பும் ரிஃப்ளெக்டர் மூன்றுக்கும் தடை. அதைவிட முக்கியம், அங்கிருக்கும் பயணி பார்க்க விரும்பாவிட்டால் விலகிப் போக இடமில்லை.

அடுத்தது மாடலோடு பேச்சு. வயதுச் சான்றை, அரசு அடையாள அட்டையை, நேரில் பார்த்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 18 நிறைந்தது சந்தேகமில்லாமல் தெரியாதவரை பேச்சே வேண்டாம். நீங்கள் முன்பு எடுத்த மாடல்களில் மூன்று பேரின் தொடர்பை, அவர்கள் சம்மதத்தோடு, கேட்பதற்கு முன்பே கொடுங்கள். அவர் துணைக்கு ஒருவரை அழைத்துவர நினைத்தால் மறுக்காதீர்கள். துணையாள் வந்தால் கவனம் சிதறும் என்று சொல்கிற புகைப்படக்காரரிடம் மாடல்கள் போகாமல் இருப்பதே நல்லது.

ஒப்புதலை இரண்டு தாளாகப் பிரியுங்கள். முதல் தாள் படமெடுப்பதற்கு: இடங்கள், நேரம், எந்த அளவு நிர்வாணம், முகம் தெரியுமா, மச்சமோ பச்சையோ மறைக்கப்பட வேண்டுமா, கூலி எவ்வளவு, பாதியில் நின்றாலும் முழுக் கூலி. இரண்டாவது வெளியிடுவதற்கு: படங்களைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு படத்தின் எண்ணையும் எழுதி, கண்காட்சியா, அச்சா, இணையமா, விற்பனையா என்று தனித்தனியாகக் கையெழுத்து. நியூயார்க்கின் குடிமை உரிமைகள் சட்டம் 50, 51 பிரிவுகள்படி, ஒருவரின் படத்தை விளம்பரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாளில், படமெடுக்கும் முன்பே வாங்கிவிடுவதுதான் வழக்கம். அந்த வழக்கம் சரியில்லை. தன் உடல் படத்தில் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்காதவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்று அவருக்கே தெரியாது.

இடம் பார்க்க, படமெடுக்கப் போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் போங்கள். வால் ஸ்ட்ரீட்டைச் சுற்றிய பகுதி ஞாயிறு விடியலில் கிட்டத்தட்ட காலி. அதே தெரு திங்கள்கிழமை அந்த நேரத்திலேயே லாரிகளால் நிறையும். பள்ளி, விளையாட்டுத் திடல், வழிபாட்டிடம் அருகில் இருந்தால் எந்த நேரமானாலும் அந்த இடம் வேண்டாம். அரை மணி நேரம் ஓரமாக நின்று, கடந்துபோகிறவர்களை எண்ணுங்கள். நாய் கூட்டிவருகிறவர்கள் தினமும் ஒரே நேரத்துக்கு வருவார்கள். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தரையைப் பாருங்கள், குனிந்து, டார்ச் அடித்து. கண்ணாடித்தூள் பக்கவாட்டு வெளிச்சத்தில் மின்னும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. வெறுங்காலோடு மேன்ஹோல் மூடிமேலோ தெருவில் பதித்த உலோகத் தகட்டின் மேலோ மாடலை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். பனிக்காலத்தில் உப்புத் தண்ணீர் பழைய நிலத்தடிக் கம்பிகளை அரித்து, மூடிகளில் மின்சாரம் கசியும். 2004 ஜனவரியில் ஈஸ்ட் வில்லேஜில் நாயோடு நடந்துபோன ஒரு பெண் அப்படி ஒரு தகட்டில் கால்வைத்து இறந்தார். மன்ஹாட்டன் தெருக்களிலிருந்து எழும் நீராவி படத்துக்கு அழகுதான், ஆனால் தோலைச் சுட்டுவிடும். அதைப் பின்னணியில் பத்தடி தள்ளியே வையுங்கள்.

வெளிச்சத்தில் இந்த நகரத்துக்கென்று ஒரு குணம் உண்டு. மன்ஹாட்டனின் தெருக்கட்டம் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 29 டிகிரி கிழக்கே சாய்ந்தது. அதனால் குறுக்குத் தெருக்களில் சூரியோதயம் நேராகத் தெரிவது டிசம்பர் தொடக்கத்திலும் ஜனவரி தொடக்கத்திலும்தான், அதாவது உடையில்லாமல் நிற்கவே முடியாத குளிரில். கோடையில் சூரியன் வடகிழக்கில் எழுகிறது. தெருக்கள் வெகுநேரம் நிழலில் கிடக்கும். அந்த நிழலுக்குள் உயரக் கட்டடங்களின் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் தரையில் ஜன்னல் வடிவில் விழும். சற்றே அலைபாயும் விளிம்பு, நடுவில் பொன் நிறம். தோல்மேல் அது விழும்போது எந்த ஸ்டுடியோ விளக்கும் தராத ஒரு மென்மை கிடைக்கும். சில நிமிடங்களில் நகர்ந்துவிடும். முதல் நாளே அது எந்தக் கல்லில், எத்தனை மணிக்கு விழுகிறது என்று சாக்பீஸால் குறித்துவிட்டால், மறுநாள் மாடல் அங்கே காத்து நிற்க வேண்டாம், வெளிச்சம் வந்ததும் இறங்கினால் போதும்.

சூரியனுக்கு முன், தெருவிளக்கில் எடுப்பதானால் ஷட்டர் வேகத்தைக் கவனியுங்கள். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். 1/60 அல்லது 1/125 வைத்தால் எல்இடி விளக்கின் துடிப்பு படத்தில் பட்டையாக விழுவது பெரும்பாலும் தவிரும். இந்தியாவின் 50 ஹெர்ட்ஸுக்குப் பழகி 1/50, 1/100 வைக்கிற கை இங்கே தோலின் குறுக்கே வரிவரியாக நிழலை வாங்கிவரும். அதைப் பின்னால் திருத்துவது நரகம்.

மாடலுக்கு முந்தின இரவே சொல்லிவிட வேண்டியது: எழுந்ததிலிருந்து உள்ளாடை, சாக்ஸ், கைக்கடிகாரம், மணிக்கட்டில் முடிவளையம் எதுவும் வேண்டாம், தொளதொளவென்று ஒரு கவுன் போதும். எலாஸ்டிக் தடம் மறைய ஒரு மணி நேரம்கூட ஆகும். காரில் சீட் பெல்ட்டைத் தடித்த அங்கியின் மேல் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மார்பின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இருக்கும்.

பையில் இருக்க வேண்டியவை: முன்பக்கம் திறக்கும் அங்கி இரண்டு, கழற்ற எளிதான செருப்பு, தரையின் நிறத்துக்குப் பொருந்தும் மெல்லிய பாய், ஈரத்துடைப்பான் ஒரு கட்டு, வெந்நீர் ஃபிளாஸ்க், கைசூடாக்கும் பொட்டலம் நான்கு, முதலுதவிப் பெட்டி. லென்ஸ் ஒன்றே போதும். முழு ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. கட்டடத்தோடு உடலைச் சேர்க்க 35 மி.மீ. வரை போகலாம். அதற்கும் அகலமானால் ஃபிரேமின் ஓரத்தில் இருக்கும் கைகால் இழுபடும். பிரிட்டிஷ் புகைப்படக்கலைஞர் பில் பிராண்ட் 1940-களில் பழைய அகலக்கோணக் கேமராவால் அந்த இழுபடலையே கலையாக்கினார். தெரிந்து செய்தால் அது சரி. தெரியாமல் வந்தால் மாடல் தன் தொடையைப் பார்த்து மனம் நோவார்.

இனி அந்த நான்கு நிமிடம். மாடல் காரில் இருக்கும்போதே உதவியாளர் ஒருவர் உடையோடு அதே இடத்தில் அதே நிலையில் நிற்க, ஃபோகஸும் எக்ஸ்போஷரும் முடிந்திருக்க வேண்டும். நிழலில் லென்ஸ் துளை எஃப் 4, ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ 800-இல் தொடங்கலாம். உதவியாளரின் தோல் நிறமும் மாடலின் நிறமும் வேறாக இருந்தால் அளவைத் திருத்துங்கள். கேமராவின் மீட்டர் எதையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கருந்தோலை ஸ்பாட் மீட்டரில் (ஒரு புள்ளியை மட்டும் அளப்பது) அளந்தால் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்தும், வெளிர்தோலுக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரட்டிப்பாக, கூட்டியும் வையுங்கள். நம் நிறத்தவரைச் சாம்பல் பூசியதுபோல் வெளுக்க வைப்பது பெரும்பாலும் இந்த ஒரு தவறுதான்.

தெருவின் இரு முனையிலும் ஆளுக்கு ஒருவர். யாராவது வந்தால் ஒரே ஒரு வார்த்தை, முன்பே பேசிவைத்தது. மூன்றாமவர் அங்கியை விரித்துப் பிடித்தபடி மாடலிடமிருந்து மூன்றடியில், ஃபிரேமுக்குச் சற்று வெளியே. மாடல் செருப்பைக் கடைசியாகக் கழற்றுவார். பன்னிரண்டு, பதினைந்து கிளிக் போதும். நிலையைத் திருத்த வேண்டுமானால் உங்கள் உடலில் செய்து காட்டுங்கள், வாயால் சொல்லுங்கள். தொடாதீர்கள், முடியை ஒதுக்கக்கூட. 'நிறுத்து' என்றால் அந்த நொடியே அங்கி. காரணம் கேட்க வேண்டாம்.

குளிரை மாடலின் வார்த்தையை வைத்து அளக்காதீர்கள். பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். முன்னங்கையில் மயிர்க்கூச்சு தெரிந்தால் பக்கவெளிச்சத்தில் அது மணல்போல் பதிவாகும், படமும் போயிற்று. உதடு வெளுத்தாலோ நடுக்கம் வந்தாலோ அந்த நாள் முடிந்தது. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நான்கு நிமிடத்தை இரண்டாக்குங்கள், 10-க்குக் கீழே தெரு வேண்டாம். ஒரு காலையில் மூன்று இடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

தெரு ஒத்துவராதவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. மரத் தண்ணீர்த் தொட்டிகள் பின்னால் நிற்க, நியூயார்க்கின் அடையாளமான பின்னணி. வீட்டுக்காரரின் எழுத்துமூல அனுமதி வாங்குங்கள், எதிர்க் கட்டடத்து ஜன்னல்கள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். தார் பூசிய கூரை மதிய வெயிலில் உள்ளங்காலைச் சுட்டுவிடும், காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். வெள்ளி நிறம் பூசிய கூரை தரையிலிருந்தே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அது இலவச ரிஃப்ளெக்டர். தீத்தப்புப் படிகளில் ஏற்றாதீர்கள். அவை உயிர் காக்கும் வழி, துருவும் பிடித்திருக்கும்.

வீடு திரும்பியதும் இரண்டு நகல், இரண்டும் கடவுச்சொல்லிட்ட வட்டில். ஃபோனும் கணினியும் தானாகவே கிளவுட் சேமிப்புக்கு ஏற்றும் வசதியை அன்று காலையே அணைத்திருக்க வேண்டும். அனுப்பும் படங்களிலிருந்து இடக்குறிப்பை நீக்குங்கள், கோப்பின் பெயரில் மாடலின் உண்மைப் பெயர் வேண்டாம். ஒரு வாரத்துக்குள் அவரை உட்காரவைத்து, எடுத்த எல்லாவற்றையும், தெரிந்தெடுத்தவை மட்டுமல்ல, பெரிய திரையில் காட்டுங்கள். காரணம் சொல்லாமல் எதையும் ஒதுக்கும் உரிமை அவருடையது. ஒதுக்கியவற்றை அவர் பார்க்கும்போதே இரு வட்டுகளிலிருந்தும் அழித்து, கேமராவின் கார்டையும் ஃபார்மேட் செய்யுங்கள். இரண்டாவது தாளில் கையெழுத்து அதன் பிறகு.