வைல்ட்ஃப்ளை சர்வர் ட்யூனிங்: ஹீப்பைக் கடைசியாகத் தொடுங்கள்

ஜாவா அப்ளிகேஷன் சர்வர் தள்ளாடினால் நம்மில் பலரின் கை முதலில் போவது மெமரிக்குத்தான். நானும் அப்படித்தான் நான்கு கோர் மெஷின் ஒன்றில் 2 ஜிபி ஹீப்பை (ஜாவா தன் ஆப்ஜெக்டுகளை வைக்கும் மெமரிப் பகுதி) 8 ஜிபி ஆக்கினேன். மறுநாள் கூட்டம் ஏறிய நேரத்தில் திரை பழையபடியே சுற்றிக்கொண்டிருந்தது. ஹீப்பில் கோளாறே இல்லை. அதனால் வழக்கமான வரிசையைக் கொஞ்சம் புரட்டிப் போட்டிருக்கிறேன்.

படி 1: சர்வரை எழுப்புதல்

எடுத்துக்காட்டுக்கு வைல்ட்ஃப்ளை. முன்பு ஜேபாஸ் ஏஎஸ் என்று இருந்தது, 2014-ல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பெயருக்கு மாறியது. ஜிப்பை விரித்து, 'பின்' (bin) ஃபோல்டரில் உள்ள ஸ்டாண்டலோன் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அப்ளிகேஷனுக்கு 8080 போர்ட், நிர்வாகத் திரைக்கு 9990. திரைக்குள் நுழைய, ஆட்-யூசர் ஸ்கிரிப்டை ஓட்டி மேனேஜ்மென்ட் யூசர் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். 9990 ஆரம்பத்தில் லோக்கல்ஹோஸ்டில் மட்டுமே கேட்கும். அப்படியே இருக்கட்டும், வெளியுலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. அமைப்புகள் எல்லாம் ஸ்டாண்டலோன்.எக்ஸ்எம்எல் கோப்பில்தான் இருக்கின்றன. ஆனால் சர்வர் ஓடும்போது அதை எடிட்டரில் திறந்து திருத்த வேண்டாம். நிர்வாகத் திரையிலோ சிஎல்ஐ என்ற கட்டளை வரியிலோ அடுத்து ஏதாவது மாற்றியதும், சர்வர் தன் நினைவில் உள்ளதை அந்தக் கோப்பின் மேல் எழுதிவிடும். நீங்கள் கையால் எழுதியது காணாமல் போகும்.

படி 2: எங்கே நிற்கிறது என்று பார்த்தல்

சர்வர் மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே த்ரெட் டம்ப் எடுக்க வேண்டும். சர்வருக்குள் இணையாக ஓடும் ஒவ்வொரு வேலையும் (த்ரெட்) அந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது என்ற பட்டியல் அது. ஜேபிஎஸ் கட்டளை ப்ராசஸ் எண்ணைக் காட்டும். அந்த எண்ணை ஜேஸ்டாக் கட்டளையிடம் கொடுத்து, வருவதை ஒரு கோப்பில் சேமியுங்கள். பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை எடுங்கள். ஒரே டம்ப்பை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, மூன்றிலும் அதே இடத்தில் நிற்கும் த்ரெட்தான் சந்தேகத்துக்குரியது.

கோப்பில் 'டீஃபால்ட் டாஸ்க்' என்று தொடங்கும் பெயர்களைத் தேடுங்கள். பயனர் கோரிக்கைகளைச் சுமப்பவை அவைதான். ஒரு கோருக்கு 16 என்பது வைல்ட்ஃப்ளையின் இயல்புக் கணக்கு, ஆக நான்கு கோருக்கு 64. என் டம்ப்பில் 64 த்ரெட்டுகளும் வேலையில் இருந்தன. அவற்றில் 20 டேட்டாபேஸின் பதிலுக்காக சாக்கெட்டில் காத்திருந்தன. மீதி 44 த்ரெட்டுகள், கனெக்ஷன் பூலின் (டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிர்ந்து தரும் தொகுப்பு) வாசலில் நின்றன. பூலின் இயல்பு உச்ச அளவு 20 என்பது நினைவுக்கு வந்ததும் கணக்கு நேராகிவிட்டது.

வாசலில் நிற்பவை இயல்பாக 30 விநாடி வரை காத்திருக்கும். அப்புறம் லாகில் ஐஜே000453 என்ற பிழை விழும். அந்த எண்ணைக் கண்டால் நேரே அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: கனெக்ஷன் பூல்

நிர்வாகத் திரையில் கான்ஃபிகரேஷன், சப்சிஸ்டம்ஸ், டேட்டாசோர்சஸ் என்று போய் உங்கள் டேட்டாசோர்ஸைத் (டேட்டாபேஸ் இணைப்புக்கான அமைப்பு) திறங்கள். முதலில் புள்ளிவிவரம் சேகரிப்பதை இயக்குங்கள், அது இயல்பாக அணைந்தே இருக்கும். பிறகு ரன்டைம் பகுதியில் மேக்ஸ் யூஸ்டு கவுண்ட், வெய்ட் கவுண்ட் இரண்டையும் கவனியுங்கள். முதலாவது 20-ஐத் தொட்டு, இரண்டாவது பூஜ்யத்தைவிட்டு ஏறினால் பூல் போதவில்லை.

உடனே 100 என்று போட்டுவிடாதீர்கள். விநாடிக்கு எத்தனை கோரிக்கை, ஒவ்வொன்றும் கனெக்ஷனை எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது, இரண்டையும் பெருக்குங்கள். விநாடிக்கு 100 கோரிக்கை, தலா 50 மில்லிவிநாடி என்றால் சராசரியாக 5 கனெக்ஷன் போதும். அதே கோரிக்கை 400 மில்லிவிநாடி எடுத்தால் 40 வேண்டும். அதாவது, பூல் நிரம்புவதற்குப் பூலே காரணமாக இருக்க வேண்டியதில்லை. என் கதையில் அந்த 20 த்ரெட்டும் ஒரே அறிக்கைக்கான க்வெரியில்தான் மாட்டியிருந்தன. டேபிளில் இண்டெக்ஸ் ஒன்று சேர்த்தேன், பூல் 20-லேயே இருந்தது, வரிசை கரைந்துவிட்டது.

சரி, நிஜமாகவே கூட்ட வேண்டும் என்றால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக 100 கனெக்ஷன்தான் ஏற்கும். இரண்டு சர்வரில் தலா 60 வைத்தால், கூட்டம் ஏறும் நாளில் டேட்டாபேஸே கதவை மூடும்.

கூட்டம் குறைந்த பிறகும் பூல் காலியாகவில்லையா? கோடில் எங்கோ கனெக்ஷனை மூடாமல் விட்டிருக்கிறார்கள். ட்ரை-வித்-ரிசோர்சஸ் (வேலை முடிந்ததும் கனெக்ஷனைத் தானே மூடும் ஜாவா எழுத்துமுறை) இல்லாத இடங்களைத் தேடுங்கள்.

படி 4: த்ரெட்டுகள்

பெரும்பாலும் தொட வேண்டாம். 20 கனெக்ஷனுக்கு 64 த்ரெட்டே நெரிசல் என்றால், 200 ஆக்கினால் வாசலில் 180 பேர் நிற்பார்கள், அவ்வளவுதான்.

படி 5: ஹீப்

பின் ஃபோல்டரில் உள்ள ஸ்டாண்டலோன்.கான்ஃப் கோப்பில் ஆரம்ப ஹீப் 64 எம்பி, உச்சம் 512 எம்பி என்று இருக்கும். நிஜப் பயன்பாட்டுக்கு இது சிறியது. எவ்வளவு வேண்டும் என்பதை ஜிசி (கார்பேஜ் கலெக்ஷன், தேவையற்ற ஆப்ஜெக்டுகளை நீக்கும் வேலை) லாக் சொல்லும். முழு ஜிசி முடிந்த பிறகும் ஹீப்பில் தங்கியிருக்கும் அளவைப் பாருங்கள். அதைப்போல் மூன்று மடங்கில் தொடங்குவது என் வழக்கம். எக்ஸ்எம்எஸ் (ஆரம்ப ஹீப்), எக்ஸ்எம்எக்ஸ் (உச்சம்) இரண்டுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்துவிடுவேன். மெஷினின் மொத்த ராமையும் ஹீப்புக்கே கொடுத்துவிடக் கூடாது. மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள் தங்கும் இடம்), த்ரெட் ஸ்டாக்குகள், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் மிச்சத்தில்தான் வாழ வேண்டும். ஜாவா 9 முதல் சர்வர் மெஷின்களில் ஜி1 தான் இயல்பான கலெக்டர், தொடக்கத்தில் அதை மாற்றத் தேவையில்லை.

படி 6: சோதித்தல், திரும்புதல்

ஒரு நேரத்தில் ஒரு மதிப்பை மட்டும் மாற்றி, அதே லோடை மறுபடி ஓட்டிப் பாருங்கள். சொதப்பினால் கான்ஃபிகரேஷன் ஃபோல்டருக்குள் ஸ்டாண்டலோன்_எக்ஸ்எம்எல்_ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது. பழைய எக்ஸ்எம்எல் பிரதிகளைச் சர்வரே அங்கே சேர்த்து வைத்திருக்கும். ஹீப் அமைப்பு உள்ள ஸ்டாண்டலோன்.கான்ஃப் மட்டும் அதில் சேராது, அதற்குக் கை வைக்கும் முன் நீங்களே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.