பழைய டிவி கேம் கேசட்டை மறுபடி ஓடவைக்க

மதுரை டவுன்ஹால் ரோட்டில் பழைய கேசட் கண்ணில் பட்டால், முதலில் அதன் அடி விளிம்பில் வரிசையாகத் தெரியும் உலோகப் பின்களை எண்ணுங்கள். பக்கத்துக்கு 30, மொத்தம் 60 என்றால் அது 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டிக்கான வகை. செல்லூரில் எங்கள் மாமா வைத்திருந்த நகல் பெட்டியும் இதே ரகம்தான். 72 என்றால் 1985-இல் அமெரிக்காவுக்குப் போன என்இஎஸ் என்ற நிண்டெண்டோ பெட்டிக்கானது. நம் பெட்டியில் உட்காராது.

படம் வரவில்லையா? தயவுசெய்து வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டால் பின் அரித்துப்போகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காது பட்ஸை நனைத்து, பஞ்சில் கறுப்பு ஒட்டாதவரை நீளவாக்கில் மெதுவாகத் துடையுங்கள். நன்றாகக் காயட்டும். அப்புறம் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே செருகுங்கள்.

அடாப்டர் மாற்றினால் வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது, பிளஸ் மைனஸும் பெட்டியோடு பொருந்த வேண்டும்.