வீதியில் மறிக்கும் பொலிஸாரும் கையிலிருந்து போகும் பொருட்களும்

இலங்கையின் வடக்கே ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வாகனத்தை விட்டிறங்கி, பொதிகளைப் பிரித்துக் காட்டி, மணிக்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தை அறிந்தவர்களுக்கு, இன்று ஏ-9 வீதியில் ஒரு போக்குவரத்துப் பொலிஸார் கைகாட்டி மறிப்பது பெரிய விடயமாகத் தோன்றாது. அப்படித் தோன்றுவதாலேயே பலர் ஆயத்தமில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் வந்தவருக்கு, பறிபோன கமராவை விட, அதைத் திருப்பி எடுப்பதற்குச் செலவாகும் நாட்களே பெரிய இழப்பு. ஆகவே வீதியோரத்தில் சரி பிழை பேசி வெல்ல முயல்வதை விட, உங்கள் கையிலிருந்து எது போனாலும் அது போனதற்கான எழுத்து ஒன்று உங்கள் கைக்கு வருவதை உறுதிசெய்வதே முதல் வேலை.

சாதாரண மறிப்பில் கேட்கப்படுபவை சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வரிப்பத்திரம், காப்புறுதிப் பத்திரம் ஆகியவைதாம். கனடாவினதோ பிரித்தானியாவினதோ அனுமதிப்பத்திரத்தை மட்டும் காட்டி இலங்கையில் ஓட்ட முடியாது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் அதைக் கொழும்பிலுள்ள மோட்டார் வாகனச் சங்கத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். 2025 ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலும் வெளிநாட்டவருக்கான தற்காலிக அனுமதிப்பத்திரக் கருமபீடம் இயங்குகிறது. மச்சானின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்களே இந்த இடத்தில் அதிகம் அகப்படுகிறார்கள்; வாகனம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும், காப்புறுதி முடிந்துவிட்டதா என்பதையும் புறப்படும்போது ஒருவரும் பார்ப்பதில்லை. ஓட்டத் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவது செலவல்ல, சேமிப்பு என்பது என் அபிப்பிராயம்.

வீதி ஒழுங்கை மீறியதற்காகத் தண்டச்சீட்டு எழுதப்பட்டால், பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். அவ்வாறு எடுத்தால் தரப்படும் சீட்டே தற்காலிக அனுமதிப்பத்திரமாகவும் பயன்படும். தண்டப்பணத்தைப் பதினான்கு நாட்களுக்குள் தபாலகத்தில் செலுத்தி, பற்றுச்சீட்டைக் குறித்த பொலிஸ் நிலையத்தில் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறலாம். எல்லாக் குற்றங்களும் இவ்வாறு முடிவதில்லை. மதுபோதையில் ஓட்டுதல், அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுதல் போன்றவை நீதவான் நீதிமன்றத்துக்கே போகும். மறித்த இடத்திலேயே பணத்தைக் கொடுத்து முடித்துவிடலாம் என்று பக்கத்தில் இருப்பவர் காதுக்குள் சொல்வார். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி இலஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றமாகும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு அதற்கு விலக்களிக்காது. இலஞ்சம் கேட்கப்பட்டால் 1954 என்ற இலக்கத்தில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கலாம்.

வீதிக் குற்றத்துக்கான மறிப்பு பொதிகளைச் சோதிப்பதாக மாறும் கணம்தான் கவனத்துக்குரியது. 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் போதைப்பொருளுக்கு எதிரான நடவடிக்கை தொடங்கிய பின், வீதிகளில் பைகளையும் வாகனங்களையும் சோதிப்பது நாடெங்கும் பெருகியது. வேகமாக ஓட்டியதும் பையைச் சோதிப்பதும் வெவ்வேறு விடயங்கள். ஆகவே என்ன சந்தேகத்தின் பேரில் சோதிக்கிறீர்கள் என்று அமைதியாகக் கேட்பதில் தவறில்லை. சீருடையில்லாதவர் சோதிக்க வந்தால் அவருடைய அடையாள அட்டையையும் அவர் எந்தப் பொலிஸ் நிலையத்தைச் சேர்ந்தவர் என்பதையும் கேளுங்கள். பெண்ணொருவரை உடற்சோதனை செய்வதாயின் அதை இன்னொரு பெண்ணே, கண்ணியம் பேணிச் செய்ய வேண்டும் என்று 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. பெண் பொலிஸார் வரும்வரை காத்திருப்பதாகச் சொல்வது எதிர்ப்பு ஆகாது. அதே வேளையில் கையைத் தட்டிவிடுவது, பையை இழுப்பது, வாகனத்தை எடுத்துக்கொண்டு புறப்படுவது எல்லாம் கடமைக்கு இடையூறு என்ற புதிய குற்றச்சாட்டை நீங்களே எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

பையை நீங்களே திறந்து காட்டுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பையாக. எல்லாவற்றையும் ஒரே தரத்தில் வாகனக் கூரையிலும் வீதியோரத்திலும் பரப்பினால், எது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வேனை மறித்துச் சோதித்தபோது, உறவினருக்குக் கொண்டுபோன பணம் இருந்த கடித உறை வேறொரு பைக்குள் மாறிக் கிடந்தது. அதைக் கண்டெடுக்கும் வரை நாங்கள் பொலிஸாரையும் பொலிஸார் சாரதியையும் சந்தேகித்த அந்த அரை மணித்தியாலத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பணத்தையும் நகையையும் புறப்படுமுன் எண்ணி, படமெடுத்து, வீட்டிலுள்ள ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். பெருந்தொகை வெளிநாட்டு நாணயத்தை விமான நிலையத்தில் சுங்கத்துக்கு வெளிப்படுத்தியிருந்தால் அந்தப் படிவத்தின் பிரதி பணத்தோடேயே இருக்கட்டும். ஊரிலுள்ள அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் என்று நித்திரைக் குளிசைகளையும் கடுமையான வலி நிவாரணிகளையும் பொலித்தீன் பையில் கொட்டிக் கொண்டுவருவது நம்மவர் பழக்கம். பெயர் ஒட்டாத குளிசை பரிசோதனைக்கு அனுப்பப்பட்டால், அதன் முடிவு வரும்வரை நீங்களும் காத்திருக்க நேரலாம். மருத்துவரின் துண்டும் மருந்தகத்தின் பெட்டியும் கூடவே இருக்க வேண்டும்.

தொலைபேசி தனி விடயம். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, பொலிஸ் அத்தியட்சகரும் அதற்கு மேற்பட்டவர்களும், அத்தியட்சகர் எழுத்தில் அதிகாரமளித்த உப பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாதவர்களும் பிடியாணையின்றி வாகனத்தை மறித்துச் சோதிக்கவும், பொருளைக் கைப்பற்றவும், ஆளைக் கைதுசெய்யவும் இடமளிக்கிறது. அச்சட்டத்தின் கீழ் கைதானவரை 72 மணித்தியாலம் வரை வைத்திருக்கலாம், அமைச்சரின் தடுப்புக்காவல் உத்தரவு வந்தால் மாதக்கணக்கில் நீளும். தொலைபேசியிலுள்ள, ஊர்வலத்தில் பிடித்த புலிக்கொடியின் படம் ரொறன்ரோவில் ஒரு நினைவு, முல்லைத்தீவு வீதியில் அது வழக்குக்கான ஆதாரமாக வாசிக்கப்படலாம். அது நியாயமா என்ற கேள்வி வேறு. பயணத்துக்கு எந்தத் தொலைபேசியைக் கொண்டுவருவது என்பதைப் புறப்படுமுன் வீட்டிலிருந்தே தீர்மானியுங்கள். விசாரணை தொடங்கிய பின் எதையும் அழிக்க முற்பட வேண்டாம், அது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

பொருளைக் கைப்பற்றினால் அது பொலிஸாரின் விருப்பத்தில் விடப்பட்ட காரியமல்ல. களவுபோனதாகவோ குற்றத்தோடு தொடர்புடையதாகவோ சந்தேகித்துப் பொலிஸார் எடுத்த பொருளைப் பற்றி நீதவானுக்கு உடனடியாக அறிக்கையிட வேண்டும் என்று மேற்சொன்ன சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவு கூறுகிறது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிப்பவர் நீதவான். ஆகவே எடுத்த பொருளின் வகை, அடையாள இலக்கம், எண்ணிக்கை ஆகியவற்றோடு பற்றுச்சீட்டு ஒன்றைக் கேளுங்கள். தர மறுத்தால், அதிகாரியின் சீருடையிலுள்ள இலக்கம், வாகன இலக்கம், இடம், நேரம் ஆகியவற்றை உடனே குறித்துக்கொண்டு, அன்றே அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பொறுப்பதிகாரியிடம் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு ஒப்பமிடக் கேட்கப்பட்டால், தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை. விளங்காத தாளில் ஒப்பம் வைக்க வேண்டாம். கடவுச்சீட்டைக் காட்டலாம், ஆனால் அதை ஒப்படைக்கச் சொல்வது பொதுவாகப் பிணை நிபந்தனையாக நீதிமன்றம் விதிப்பது. வீதியில் அதைக் கேட்டால் பிரதியைக் கொடுத்துப் பாருங்கள்.

கைதுசெய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை; சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் அதில் சேராது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தமது தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்கலாம், ஆனால் இரட்டைக் குடியுரிமையோடு இலங்கைக் கடவுச்சீட்டில் வந்தவருக்குத் தூதரகம் செய்யக்கூடியது குறைவு.

உரிமை மீறப்பட்டதாகக் கருதினால் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு கொடுக்க ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களில் அதன் பிராந்திய அலுவலகங்கள் உண்டு, தொலைபேசி இலக்கம் 1996. கனடா போய்ச் சேர்ந்து களைப்பாறிய பின் பார்க்கலாம் என்று விட்டால் அந்த மாதம் முடிந்திருக்கும்.

வழக்குத் தவணை உங்கள் விமானத்துக்குப் பிந்திய திகதியில் விழுந்தால், சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் கொடுத்து வழக்கை முன்கூட்டியே அழைக்கும்படி கேட்கலாம். அதுவும் சரிவராமல், பொருள் மட்டும் நீதிமன்றத்தில் கிடக்க நீங்கள் புறப்பட வேண்டியிருந்தால், அதைப் பொறுப்பேற்க நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு நொத்தாரிசு முன்னிலையில் அற்றோர்ணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரம்) எழுதிக் கொடுத்து, பொருளைக் கடையில் வாங்கிய பற்றுச்சீட்டின் மூலப்பிரதியையும் அவரிடமே விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.