கல்லூரி உங்கள் ஃபாஃப்சாவைத் திருத்தியிருக்கிறதா? படிப்படியாகப் பார்ப்போம்

அமெரிக்காவில் கல்லூரிக்கு விண்ணப்பித்து, நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தையும் அனுப்பியாகிவிட்டது. சில வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வருகிறது: உங்கள் படிவத்தில் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் எதையும் தொடவில்லை, கல்லூரிதான் செய்திருக்கிறது. உடனே வீட்டில் எல்லோருக்கும் பயம், தப்பாக எதையோ எழுதிவிட்டோமா, கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடுங்கிவிடுவார்களா என்று. அந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. திருத்துவது கல்லூரியின் கடமை, பல சமயம் அது உங்களுக்குச் சாதகமாகவும் முடியும். என்ன மாறியது, யார் சொல்லி மாறியது, ஏன் மாறியது, இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

படிவம் எங்கே போகிறது

நீங்கள் அனுப்பும் படிவம் மத்தியக் கல்வித் துறைக்குப் போகிறது. நீங்களும் பெற்றோரும் சம்மதம் கொடுத்திருப்பதால் வருமான வரி விவரங்களை அவர்கள் நேரடியாக ஐ.ஆர்.எஸ். என்ற அமெரிக்க வருமான வரித் துறையிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் சேர்த்து எஸ்.ஏ.ஐ. என்று ஒரு எண் வரும், உங்களுக்கு எவ்வளவு உதவி தேவை என்று கல்லூரி கணக்கிடுவது இதை வைத்துத்தான். அது மைனஸ் 1,500 வரைகூட இறங்கலாம், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. திருப்பிக் கட்டத் தேவையில்லாத மத்திய அரசு உதவித்தொகையான பெல் கிராண்ட் 2026-27 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர், அது கிடைக்குமா கிடைக்காதா என்பதை முடிவுசெய்வதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. முடிவு உங்களுக்கு சப்மிஷன் சம்மரி என்ற சுருக்க அறிக்கையாக வரும், நீங்கள் படிவத்தில் குறித்த கல்லூரிகளுக்கும் தனியாகப் போகும். இணையப் படிவத்தில் 20 கல்லூரிகள் வரை குறிக்கலாம்.

ஒவ்வொரு முறை படிவம் கணக்கிடப்படும்போதும் அதை ஒரு டிரான்சாக்‌ஷன் என்பார்கள், அதற்கு ஒரு வரிசை எண் விழும். முதல் முறை 01, திருத்தம் போனால் 02, அப்புறம் 03. கல்லூரி அலுவலகத்தில் பேசும்போது "எந்த டிரான்சாக்‌ஷனை வைத்து எனக்கு உதவித்தொகை கணக்கிட்டீர்கள்?" என்று கேட்டால், நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று அவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

படி 1: பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் தளத்தில் நுழைந்து "மை ஆக்டிவிட்டி" பகுதியில் அந்த ஆண்டுப் படிவத்தைத் திறந்து, சப்மிஷன் சம்மரியைப் பி.டி.எஃப்.பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். முதல் முறை வந்தபோதே சேமித்திருந்தால் வேலை சுலபம். இரண்டிலும் எஸ்.ஏ.ஐ. எண்ணைப் பாருங்கள், அப்புறம் உங்கள் பதில்கள் இருக்கும் பக்கத்துக்குப் போய் வரிவரியாக ஒப்பிடுங்கள்.

ஒரு விஷயம் குழப்பும். ஐ.ஆர்.எஸ். தந்த எண்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அவற்றை நீங்களாக மாற்றவும் முடியாது. பதில்களில் வித்தியாசமே இல்லை, ஆனால் எஸ்.ஏ.ஐ. மட்டும் மாறியிருக்கிறது என்றால் மாற்றம் வரி விவரத்தில் நடந்திருக்கலாம். அப்போது பெற்றோரின் 1040 என்ற வருமான வரிப் படிவத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2026-27 ஃபாஃப்சா கேட்பது 2024 வருமானத்தை, அதனால் 2024 வரிப் படிவம்தான் வேண்டும், போன மாதச் சம்பளச் சீட்டு உதவாது.

படி 2: எந்த வகைத் திருத்தம் என்று கண்டுபிடியுங்கள்

அதிகம் நடப்பது வெரிஃபிகேஷன். கல்வித் துறையோ கல்லூரியோ சில விண்ணப்பங்களைச் சரிபார்க்கத் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்ததாலேயே உங்கள் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. கல்லூரி ஒரு படிவம் அனுப்பும், வரி ஆவணங்கள் கேட்கும், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்கும், சிலரிடம் அடையாள ஆவணமும் கேட்கும். அப்படிச் சரிபார்த்ததில் ஏதாவது ஒரு டாலர் தொகை 25 டாலரோ அதற்கு மேலோ மாறுபட்டாலும், தொகையல்லாத ஒரு பதில் தவறாக இருந்தாலும் அவர்கள் திருத்தம் அனுப்பியே ஆக வேண்டும். 30 டாலர் வித்தியாசத்துக்காகப் புது டிரான்சாக்‌ஷன் வந்திருந்தால் எஸ்.ஏ.ஐ. அசையாமல்கூட இருக்கலாம்.

இரண்டாவது, தகவல்கள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது நடப்பது. வெரிஃபிகேஷனுக்குத் தேர்வாகாவிட்டாலும், கையில் இருக்கும் இரண்டு காகிதங்கள் ஒத்துப்போகவில்லை என்றால் கல்லூரி அதைத் தீர்த்துவைக்கத்தான் வேண்டும். நம் குடும்பங்களுக்கு இது அடிக்கடி வரக்கூடியது. அப்பாவின் வரிப் படிவத்தோடு இருக்கும் ஷெட்யூல் பி-யில் வெளிநாட்டு வங்கிக் கணக்கு உண்டா என்ற கேள்விக்கு "ஆம்", நாடு இந்தியா என்று எழுதியிருக்கும். ஃபாஃப்சாவில் சேமிப்பு, முதலீடு எல்லாம் பூஜ்யம் என்று இருக்கும். அலுவலகத்தில் இரண்டையும் பார்ப்பவர் கேட்காமல் விட முடியாது. ஊரில் இருக்கும் ஃபிக்ஸட் டெபாசிட்டும், காலிமனையும், வாடகைக்கு விட்ட வீடும் கணக்கில் வரும் சொத்துகள்தான், டாலராக மாற்றி, கடன் இருந்தால் கழித்துக்கொண்டு எழுத வேண்டும். குடும்பம் இப்போது குடியிருக்கும் வீடு மட்டும் கணக்கில் வராது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் மனசு கேட்காத விஷயம். 401(கே) போன்ற ஓய்வூதியக் கணக்கில் இருக்கும் பணத்தை ஃபாஃப்சாவில் முதலீடாகக் காட்டவே கூடாது. நேர்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்து அம்மா தன் 401(கே)-யில் இருக்கும் 1,80,000 டாலரை எழுதிவிட்டால் என்ன ஆகும்? சூத்திரம் பெற்றோர் சொத்தில் 12 சதவீதத்தை எடுத்து வருமானத்தோடு சேர்த்து, அதில் அதிகபட்சம் 47 சதவீதத்தை எஸ்.ஏ.ஐ.-யில் ஏற்றும். அதாவது வருமானம் கொஞ்சம் அதிகமான வீட்டில் எஸ்.ஏ.ஐ. சுமார் 10,000 டாலர் வரை வீணாக ஏறிவிடும். இதைக் கல்லூரி கவனித்துத் திருத்தினால் நல்லது, கவனிக்காவிட்டால் நீங்களே உள்ளே போய் "மேக் எ கரெக்‌ஷன்" கொடுத்து மாற்றலாம்.

அதே மாதிரிதான் வேலை மாறும்போது பழைய 401(கே)-யைப் புதிய கணக்குக்கு மாற்றுவதும். 1040-இல் 5ஏ வரியில் பெரிய தொகை இருக்கும், 5பி-யில் பூஜ்யம் போட்டுப் பக்கத்தில் "ரோல்ஓவர்" என்று இருக்கும். அந்தத் தொகையை ஃபாஃப்சா கேட்கும் இடத்தில் குறிப்பிடாமல் விட்டால், கையில் வராத பணம் வரியில்லாத வருமானமாகச் சேர்ந்துவிடும். வரிப் படிவத்தைக் காட்டினால் கல்லூரி இதைச் சரிசெய்யும். 1040எக்ஸ் கொடுத்து வரிக்கணக்கைத் திருத்தியவர்களும் கல்லூரியிடம்தான் போக வேண்டும்.

மூன்றாவது வகை புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட். இதில் உங்கள் பதில் தவறில்லை, காலம்தான் மாறிவிட்டது. 2024-இல் நல்ல சம்பளம், இப்போது வேலை போய்விட்டது. அல்லது பெரிய மருத்துவச் செலவு, பெற்றோர் பிரிவு. இதை நீங்களாகப் படிவத்தில் மாற்ற முடியாது, கல்லூரி நிதியுதவி அலுவலர்தான் ஆதாரம் பார்த்து, உங்கள் குடும்பத்துக்கென்று தனியாக முடிவெடுத்து எண்களை மாற்றுவார். கேட்டால்தான் நடக்கும், அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். வேலைநீக்கக் கடிதம், வேலையிழப்பு உதவித்தொகை விவரம், மருத்துவமனை பில் என்று தேதியோடு கொடுங்கள். மறுத்துவிட்டால் கல்வித் துறையில் முறையிட வழியில்லை, கல்லூரி முடிவே இறுதி. ஆனால் நிலைமை மேலும் மோசமானாலோ புது ஆதாரம் கிடைத்தாலோ அதே அலுவலகத்தை மறுபடி அணுகலாம்.

படி 3: கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள்

போனில் பேசினாலும் பின்னாடியே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எந்தப் பதில் மாறியது, எந்த ஆவணத்தை வைத்து, பழைய எஸ்.ஏ.ஐ. என்ன, புதியது என்ன, என் உதவித்தொகைக் கடிதம் இதனால் மாறுமா. இவ்வளவுதான். திருத்தமே தவறு என்று நினைத்தால் சண்டைக்குப் போகாமல் சரியான ஆவணத்தை இணைத்து, இந்த வரியில் இந்த எண் இருக்கிறது, பாருங்கள் என்று சொல்லுங்கள். அங்கே ஒரே ஆள் நூற்றுக்கணக்கான கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், வரி எண்ணோடு கேட்பவருக்குப் பதில் சீக்கிரம் வரும்.

படி 4: கல்லூரி வேலை நடக்கும்போது கை வைக்காதீர்கள்

வெரிஃபிகேஷன் முடியாமல் இருக்கும்போது நீங்களும் ஒரு திருத்தம் அனுப்பினால் இரண்டு டிரான்சாக்‌ஷன்கள் குறுக்கே நிற்கும், அலுவலகம் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும். முகவரி மாற்றமாக இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கையெழுத்திட்ட அன்று சரியாக இருந்த சேமிப்புத் தொகையை, பிறகு செலவாகிவிட்டது என்று குறைக்கவும் கூடாது. சொத்து விவரம் அந்த ஒரு நாளுக்கானது.

கெடுவைத் தவறவிடாதீர்கள். கல்லூரி சொன்ன தேதிக்குள் ஆவணம் போகாவிட்டால் பெல் கிராண்டும், படிக்கும்போது வட்டியை அரசே கட்டும் மானியக் கடனும் நின்றுபோகும், கட்டணத் தேதி மட்டும் நிற்காது.

பல கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கல்லூரி புரொஃபஷனல் ஜட்ஜ்மென்டில் வருமானத்தைக் குறைத்துக் காட்டியதால் மற்றக் கல்லூரியும் அப்படியே ஏற்க வேண்டும் என்று இல்லை. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அதே ஆவணங்களைத் தனித்தனியாக அனுப்ப வேண்டும். சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற தனி நிதியுதவிப் படிவத்தையும் கேட்கும் கல்லூரியாக இருந்தால் ஃபாஃப்சா திருத்தம் அங்கே தானாகப் போய்ச் சேராது, அதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.