அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி: பேச்சைக் கேட்பதற்கு முன் வேலையைப் பாருங்கள்

சிறு நிறுவனங்களில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் இன்டர்வியூ பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. பயோடேட்டாவைப் புரட்டுகிறோம், "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்கிறோம், "டேலி தெரியுமா?" என்று கணக்கு சாஃப்ட்வேரைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சம்பளம் பேசுகிறோம். தெரியாது என்று யாரும் சொல்லப் போவதில்லை. கலகலப்பாகப் பேசியவர் வேலைக்கு வருகிறார். மூன்றாம் மாதம் ஜிஎஸ்டி கணக்கு உதைக்கும்போதுதான் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது நமக்குத் தெரிகிறது.

விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே வேலையைத் தேதிவாரியாக எழுதுங்கள். மாதந்தோறும் ரிட்டர்ன் போடும் நிறுவனமானால் 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (பிடித்த வருமான வரியைக் கட்டுவது), 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 15-க்குள் பிஎஃப், இஎஸ்ஐ, 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிக் கணக்கு). இதில் எதை இவர் தனியாகச் செய்ய வேண்டும், எதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று பிரித்தாலே தேவையான திறமைகள் தாமாகத் தெரியும்: பிழையில்லாமல் என்ட்ரி போடுவது, ஜிஎஸ்டி அறிவு, பார்ட்டிகளிடம் பாக்கி கேட்கத் தெரிவது, தெரியாததை மறைக்காமல் கேட்பது. நான்கு போதும். எட்டு, பத்து என்று நீட்டினால் எதையும் உருப்படியாகச் சோதிக்க முடியாது.

விண்ணப்பித்தவர்களிடம் முதலில் பத்து நிமிடம் போனில் பேசுங்கள். நீங்கள் தரக்கூடிய சம்பள வரம்பை நீங்களே சொல்லிவிடுங்கள். எதிர்பார்க்கும் தொகை, நோட்டீஸ் பீரியட், வந்துபோகும் தூரம் மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் நேரில் அழையுங்கள். ஐந்து பேர் போதும். ஒரே நாளில் முடிக்கலாம்.

நேரில் வந்ததும் முதலில் சோதனை. 45 நிமிடம், ஒரு கம்ப்யூட்டர், டேலியில் ஒரு மாதிரி கம்பெனி, 12 கொள்முதல் பில்கள், ஒரு பக்க பேங்க் ஸ்டேட்மென்ட். பில்களில் மூன்று தவறுகளை வைத்துவிடுங்கள். ஒன்று, 29 என்று தொடங்கும் கர்நாடக ஜிஎஸ்டி எண் உள்ளவர் தமிழ்நாட்டுக்குச் சரக்கு அனுப்பி, வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டிக்குப் பதிலாக உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்ட பில். இரண்டு, ஒரே பில்லின் ஒரிஜினலும் ஜெராக்ஸும். மூன்று, 15 எழுத்துகள் இருக்க வேண்டிய ஜிஎஸ்டி எண்ணில் ஒன்று குறைவது. வேகத்தைவிட இந்த மூன்றையும் கண்டுபிடித்தாரா, கண்டதும் உங்களிடம் கேட்டாரா என்பதற்குத்தான் மதிப்பெண். உங்கள் நிறுவனத்தின் உண்மையான பில்களைக் கொடுக்காதீர்கள். பார்ட்டி விவரம் வெளியே போகும். சம்பளமில்லாமல் வேலை வாங்கியதாகவும் ஆகும்.

பிறகு அரை மணி நேரப் பேச்சு. எல்லோருக்கும் அதே ஆறு கேள்விகள், அதே வரிசையில். 2022-இல் தொழில் உளவியல் ஆய்வாளர் பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டபோது, தேர்வு முறைகளில் வேலைத்திறனை மிக நன்றாக முன்கணித்தவற்றுள் முன்னணியில் இருந்தது இப்படி வரையறுத்து நடத்தும் நேர்காணல்தான். வெறும் அனுபவ ஆண்டுகள் ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. "8 வருஷ எக்ஸ்பீரியன்ஸ்" என்ற வரிக்கு மயங்க வேண்டாம்.

கேள்வியோடு பதிலின் தரத்தையும் முன்பே எழுதி வையுங்கள். கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது கிரெடிட்; சப்ளையர்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியல் 2பி. உதாரணமாக: "சப்ளையர் பில் கொடுத்துட்டார், 2பி-யில வரல. 3பி போடுற நாள் வந்துடுச்சு. என்ன செய்வீங்க?" "கிரெடிட் எடுத்துடுவேன், அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் 5-க்கு 1. "இந்த மாசம் எடுக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னால் 3. சப்ளையரைக் கூப்பிட்டுக் கேட்பது, பில்லைத் தனிப் பட்டியலில் வைப்பது, 2பி-யில் வந்ததும் எடுப்பது, உங்களிடம் முன்கூட்டியே சொல்வது என்று போனால் 5.

நம் ஊரில் பலர் தாம் செய்ததையும் "நாங்க செஞ்சோம்" என்றே சொல்வார்கள். அது அடக்கமாகவும் இருக்கலாம், அடுத்தவர் வேலையாகவும் இருக்கலாம். "அதுல நீங்க செஞ்சது எது?" என்று ஒரு கேள்வி கேட்டால் தெளிந்துவிடும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் கேளுங்கள். இந்த வேலைக்கு ஆங்கிலப் பேச்சு தேவையில்லை.

"எந்த ஊர், அப்பா என்ன செய்றார்?" என்று பேச்சைத் தொடங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கேட்பவர் மனம் அறியாமலேயே சாதிக் கணக்குப் போடத் தொடங்கும். பதில் சொல்பவருக்கும் அது புரியும். "கல்யாணம் எப்போ?" என்று பெண்களிடம் கேட்பதும் அப்படித்தான். ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 2019 ஊதியச் சட்டத் தொகுப்பே சொல்கிறது. உங்கள் கவலை நேரத்தைப் பற்றியதானால் அதையே எல்லோரிடமும் கேளுங்கள்: "மாசம் 18-ஆம் தேதியிலிருந்து 20 வரை ராத்திரி எட்டு மணி ஆகும், சரிப்படுமா?"

கேட்பவர்கள் இருவர் இருப்பது நல்லது. ஆள் வெளியே போனதும், ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன் இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். முதலாளி "பையன் நல்லா இருக்கான்ல?" என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் மதிப்பெண் அந்தப் பக்கமே சாயும். சோதனைக்குப் பாதி, பேச்சுக்குப் பாதி என்று கூட்டுங்கள்.

முந்தைய வேலையைச் சரிபார்க்க அவர் சம்மதத்தோடு பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்க்கலாம். பிஎஃப் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில்தான் கட்டாயம். அதனால் பதிவில்லை என்பதை வைத்துப் பொய் என்று முடிவுகட்டாதீர்கள். இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு மட்டும் போன் செய்யவே கூடாது. அவர் இருக்கும் வேலையும் போய்விடும்.

ஆஃபரில் பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையை எழுதுங்கள். இரண்டாவது இடத்தில் இருப்பவரிடம் உண்மையைச் சொல்லிக் காத்திருக்க முடியுமா என்று கேளுங்கள். தேர்வானவரை நோட்டீஸ் பீரியடில் பழைய இடத்தில் சம்பளம் கூட்டித் தந்து பிடித்துவைப்பது சகஜம். மற்றவர்களுக்கு அந்த வாரமே "இல்லை" என்று சொல்லிவிடுங்கள். மதிப்பெண் தாள்களைப் பூட்டி வைத்து, ஆள் சேர்ந்த மூன்றாம் மாதம் எடுத்து அவர் வேலையோடு ஒப்பிடுங்கள். எந்தக் கேள்வியின் மதிப்பெண் வேலையோடு பொருந்தவில்லையோ, அதை அடுத்த முறை மாற்றிவிடலாம்.